கேட்டால் மட்டும் கணக்கு போடு!

மயிலாப்பூரில் கச்சேரி ரோடு, லஸ், மாட வீதிகள். அப்படியே தி.நகர் பக்கம் வந்தால் பர்கிட் ரோடு, வடக்கு உஸ்மான் ரோடு. இந்த ஏரியாக்களில் எந்த மாடிப்படி ஏறினாலும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் போர்டு கண்ணில் படும். உள்ளே ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிக்கொண்டு ஒரு பையனோ பெண்ணோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒரு பையனை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவனாகத்தான் இருப்பீர்கள். பேங்க் லோனுக்காக ஒரு கிளையன்ட்டுக்கு சி.எம்.ஏ. டேட்டா தயார் பண்ணுகிறான். ஐந்து வருஷத்து வட்டி, தவணை, தேய்மானம், நடைமுறை மூலதனம் எல்லாம் எக்செல்லில் ஃபார்முலாவாக ஓடிக்கொண்டிருக்கிறது. சீனியர் வருகிறார். "தம்பி, ஃபார்முலாவோட அனுப்பாதே. பேஸ்ட் ஸ்பெஷல் போட்டு வேல்யூஸ் மட்டும் வச்சு அனுப்பு." பையன் அதே ஃபைலில் அப்படியே செய்து சேவும் பண்ணிவிடுகிறான். சாயங்காலம் ஆறு மணிக்கு பேங்கிலிருந்து போன். வட்டி 9.75 இல்லையாம், 10.5 சதவிகிதமாம். ஒரே ஒரு செல்லை மாற்றினால் முடிய வேண்டிய வேலை. மாற்றுகிறான். ஒரு எண்கூட அசையவில்லை. ஷீட் முழுக்க வெறும் எண்கள். ராத்திரி பத்து மணி வரை ஆணி.

பையன் செய்த தப்பு என்ன? கூட்டலிலோ கழித்தலிலோ ஒரு பிசகும் இல்லை. எல்லா எண்ணும் சரியான எண்தான். அவசரப்பட்டு மதிப்பு கண்டான், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் ஃபார்முலாவாகவே இருந்திருக்க வேண்டியதை முன்கூட்டியே எண்ணாக்கிவிட்டான்.

இது ஒரு பையன், ஒரு ராத்திரி. போகட்டும். இதே அவசரத்தை உலகத்தின் பெரிய பெரிய கணித மென்பொருள்கள், யாரும் கேட்காமலேயே, ஒரு சேவை மாதிரி செய்துகொண்டிருக்கின்றன. அதுதான் இங்கே குற்றச்சாட்டு.

*

மென்பொருள் என்றால் கால்குலேட்டர் வகை இல்லை. எழுத்துகளை வைத்து அல்ஜீப்ரா போடும் மென்பொருள்கள். க + க என்று கொடுத்தால் 2க என்று சொல்லும். வகையிடும், தொகையிடும், சமன்பாட்டைத் தீர்க்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1968ல் ஆரம்பித்த மாக்சிமா, (அப்போது ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி மட்டும் ஒரே மாதிரி: Macsyma), கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980ல் தொடங்கிய மேப்பிள், 1988ல் வந்த மேத்தமேட்டிகா, பைத்தான் மொழியில் எழுதப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் சிம்பை. இன்ஜினியரிங் மக்களின் சமாச்சாரம் என்று காமர்ஸ் மக்கள் ஒதுங்க வேண்டாம். வட்டியை எண்ணாக வைக்காமல் ஒரு எழுத்தாகவே வைத்து ஐந்து வருஷத்துக் கணக்கையும் போட்டுப் பார்க்க இதைவிட வசதி கிடையாது. மாக்சிமாவும் சிம்பையும் காசில்லாமல் கிடைக்கின்றன.

இந்த மென்பொருள்களில் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. ஒரு ஃபங்ஷன் இருக்கிறது (பள்ளிப் புத்தகத்தில் 'சார்பு'). அதற்குள் எண்ணைப் போட்டால் எண் வரும். சரி. எண்ணுக்குப் பதில் ஒரு எழுத்தைப் போட்டால் அது என்ன செய்ய வேண்டும்?

உதாரணத்துக்கு வருமான வரி. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரையிலான பகுதிக்கு 5 சதவிகிதம், 8 முதல் 12 வரையிலான பகுதிக்கு 10 சதவிகிதம், இப்படி ஏறும். இதை 'வரி' என்று ஒரு ஃபங்ஷனாக எழுதிவிடலாம். 10 லட்சம் என்று கொடுத்தால் 20,000 + 20,000 = 40,000 என்று சொல்லும் (தள்ளுபடி, செஸ் எல்லாம் தனிக்கதை). இப்போது வருமானம் 'வ' என்று மட்டும் கொடுத்தால்? வ என்பது 4 லட்சத்துக்கு மேலா கீழா என்று அதற்குத் தெரியாது.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, "தெரியவில்லை" என்று கத்திவிட்டு வேலையை நிறுத்துவது. இரண்டு, எதையாவது ஊகித்து ஒரு விடையைத் தருவது. மூன்று, "வரி(வ)" என்று கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்துவிட்டு, வ என்ன என்று தெரிகிற நாள் வரை காத்திருப்பது.

மூன்றாவதுதான் நாகரிகம். ஒரு நல்ல ஆடிட்டர் அதைத்தான் செய்வார். "வருமானம் எவ்வளவுன்னு சொல்லுங்க சார், அப்புறம் வரி சொல்றேன்" என்பார். மென்பொருள்களில் நடப்பது பெரும்பாலும் முதலாவது. சில இடங்களில் இரண்டாவது. மூன்றாவது வேண்டுமென்றால் பயனாளர்தான் மெனக்கெட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

*

முதலாவது எப்படி நடக்கிறது? மேப்பிளில் 'வரி' ஃபங்ஷனைச் சாதாரண 'இஃப்' போட்டு எழுதிவிட்டு, வ-வை 0 முதல் 20 லட்சம் வரை வைத்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். வரைபடம் போடும் கட்டளை வேலையை ஆரம்பிக்கும் முன்பே, உள்ளே இருக்கும் வரி(வ) ஓடிவிடும். வ இன்னும் எழுத்துதான். இது உண்மையா பொய்யா என்று தீர்மானிக்க முடியவில்லை என்று பிழைச்செய்தி வரும். பந்தியில் இலை போடும் முன்பே சாம்பாரை ஊற்றியது போல. பயனாளர் தரையைத் துடைக்க வேண்டும்.

மேப்பிளிலேயே இதற்கு மருந்தும் உண்டு. வரி(வ) என்பதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைத்தால் அது ஒரு சுற்றுக்குச் சும்மா இருக்கும். ஒவ்வொரு முறை மதிப்பு காணும்போதும் ஒரு ஜோடி மேற்கோள் உதிரும். ஃபங்ஷனுக்குள்ளேயே "வந்தது எண் இல்லையென்றால் என்னை அப்படியே திருப்பிக் கொடு" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த ஒரு வரியைத்தான் ஒவ்வொருவரும் ஒருமுறை அடிபட்ட பிறகு கற்றுக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் வேண்டியிருப்பதை ஏன் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும்?

இரண்டாவது வழிதான் விஷம். பிழைச்செய்தி வந்தால் குறைந்தபட்சம் தப்பு என்று தெரியும். இதில் தெரியாது.

மேத்தமேட்டிகாவில் ஒரு எண் இரட்டைப்படையா என்று கேட்க 'ஈவன்-க்யூ' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. 4 கொடுத்தால் "ஆம்". 7 கொடுத்தால் "இல்லை". வெறும் 'மா' என்ற எழுத்தைக் கொடுத்தால்? "இல்லை" என்கிறது. மா என்னவென்றே இன்னும் சொல்லவில்லை! பகா எண்ணா என்று கேட்கும் 'ப்ரைம்-க்யூ'வும் இப்படித்தான்.

ஒரு ஃபிளாட் அசோசியேஷன் கணக்கு என்று வையுங்கள். இரட்டைப்படை மாதங்களில் மட்டும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்ய 500 ரூபாய். "மா இரட்டைப்படை என்றால் 500, இல்லையென்றால் 0" என்று எழுதினால், அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே, 0 என்று ஆகிவிடும். பிறகு மா = 4 என்று போட்டாலும் 0. மா = 6 என்று போட்டாலும் 0. வருஷம் முழுக்கத் தொட்டி இலவசமாகச் சுத்தம் ஆகும். பிழைச்செய்தி எதுவும் வராது. கணினி ரொம்ப நம்பிக்கையோடு சொல்லும்: பூஜ்யம்.

"க்யூ என்று முடியும் ஃபங்ஷன்கள் எப்போதும் ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்லும், அது ஆவணத்திலேயே இருக்கிறதே" என்று ரசிகர்கள் வருவார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. பஸ்ஸிலும்தான் "தலையை வெளியே நீட்டாதே" என்று எழுதியிருக்கிறது. கம்பியை ஒழுங்காக வைத்திருந்தால் போர்டு தேவைப்பட்டிருக்காது.

இதை வேறு மாதிரி செய்ய முடியாதா? முடியும். சிம்பையில் ஒரு எழுத்திடம் "நீ இரட்டைப்படையா?" என்று கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று வரும். ஆம், இல்லை, தெரியாது. 'நன்' என்பது அங்கே மூன்றாவது பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வைவா எக்ஸாமில் இது நிறையப் பேருக்கு வராத கலை :-)

*

சிம்பையைப் பாராட்டியதோடு முடித்தால் நியாயம் இல்லை. அதுவும் அவசரக்காரன்தான்.

காஸ்ட் அக்கவுன்டிங்கில் பி/வி விகிதம் எல்லாருக்கும் தெரியும். விற்பனையிலிருந்து மாறும் செலவைக் கழித்து, விற்பனையால் வகுப்பது. விற்பனை 'வி', மாறும் செலவு 'செ' என்றால் (வி − செ) / வி. ஒருவர் ஆன்லைனில் நோட்ஸ் விற்கிறார். மாறும் செலவு ஒன்றும் இல்லை. செ = 0 என்று போட்டால் வி / வி. சிம்பை உடனே 1 என்று ஆக்கிவிடும். அதாவது 100 சதவிகிதம். அடுத்து, மே மாதம் லீவு, விற்பனையே இல்லை, வி = 0 என்று போட்டால்? போட இடமே இல்லை. வி காணாமல் போய்விட்டது. விகிதம் இன்னமும் 100 சதவிகிதம்! ஒரு ரூபாய்கூட விற்காத மாதத்தில் நூற்றுக்கு நூறு.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் வி = 0, பிறகு செ = 0. இப்போது "இது ஒரு எண்ணே இல்லை" என்று பதில் வரும். அதே ஃபார்முலா, அதே இரண்டு பூஜ்யங்கள். எதை முதலில் போட்டோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. எந்த ஆடிட்டராவது இதில் கையெழுத்துப் போடுவாரா?

வி / வி = 1 என்பது வி பூஜ்யம் இல்லாதவரைக்கும் சரி. அந்த 'இல்லாதவரைக்கும்' என்ற வார்த்தையைக் கணினி விழுங்கிவிடுகிறது. மேப்பிளும் மேத்தமேட்டிகாவும் இதையேதான் செய்கின்றன. எக்செல்லை எல்லாரும் கிண்டல் பண்ணுவார்கள். ஆனால் எக்செல் செல்லில் மதிப்பைக் காட்டிக்கொண்டே ஃபார்முலாவைப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கும். விற்பனைக் கட்டத்தில் 0 போட்டால் வகுக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும்.

*

"இதெல்லாம் நுணுக்கம், ஊறுகாய் மாதிரி ஓரமாக இருக்கட்டும்" என்பவர்கள் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி பக்கம் கொஞ்சம் வர வேண்டும். இந்த ஊரின் மிகப் பெரிய கணக்குக்காரர் நடமாடிய இடம்.

1911ல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் ராமானுஜன் ஒரு கேள்வி போட்டார். 289ஆம் எண் கேள்வி. இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

மாதக்கணக்கில் காத்திருந்தும் விடை வரவில்லை. கடைசியில் அவரே எழுதினார். விடை 3. (அடுத்த வருஷம், 1912 மார்ச்சில், சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். காமர்ஸ் மக்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

எப்படி 3 வருகிறது? இப்படி:

3 = √9
= √(1 + 2×4)
= √(1 + 2√16)
= √(1 + 2√(1 + 3×5))
= √(1 + 2√(1 + 3√25))
= √(1 + 2√(1 + 3√(1 + 4×6)))

இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். ஒன்பதாவது வகுப்புப் பையனுக்குக்கூடப் புரியும். அழகே, ஒவ்வொரு படியிலும் ஒரு எண்ணை மதிப்பு காணாமல் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. 16 என்பதை 16 என்று விடாமல் 1 + 3×5 என்று விரித்து வைக்க வேண்டும்.

இப்போது இதில் எந்த வரியை வேண்டுமானாலும் சிம்பையில் அடியுங்கள். 3. அடுத்த வரி? 3. அதற்கு அடுத்தது? 3. மேத்தமேட்டிகாவிலும் 3. ஆறு வரியும் 3, 3, 3, 3, 3, 3. ராமானுஜனின் நிரூபணம் மொத்தமும் கணினிக்குள் நுழைந்த கணமே கரைந்துவிட்டது. விடை சரி. கணக்கு செத்துப் போச்சு.

இன்னும் ஒரு படி போகலாம். இதே வித்தையை 4ஐ வைத்தும் செய்து காட்டலாம். 4 = √16 = √(1 + 2×7.5). அந்த 7.5ஐ √56.25 என்று எழுதி, 56.25ஐ 1 + 3×18.4 என்று (தோராயமாக) விரித்துக்கொண்டே போனால், அதே முடிவில்லாத வர்க்கமூலம் வருகிற மாதிரி இருக்கும். அப்படியென்றால் விடை 3ஆ, 4ஆ? கடைசியில் மிச்சம் நிற்கும் வாலைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். 3ல் ஆரம்பித்தால் வால் 4, 5, 6 என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது. 4ல் ஆரம்பித்தால் 7.5, 18.4, 84.5 என்று எகிறுகிறது. இந்த மாதிரி வர்க்கமூலங்கள் எப்போது ஒரு எண்ணில் போய் நிற்கும் என்பதற்கு முறையான நிபந்தனை கண்டுபிடித்தவர் தி. விஜயராகவன். அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய ராமானுஜன் கணிதக் கழகத்தின் முதல் இயக்குநர் அவர்தான்.

விஷயம் இதுதான். மோசடியைப் பிடிக்க வாலைப் பார்க்க வேண்டும். வாலைப் பார்க்க விரித்து வைக்க வேண்டும். விரித்து வைக்க விடாமல் ஒவ்வொரு முறையும் "3" "4" என்று சுருட்டிக் கொடுக்கும் கணினியை வைத்துக்கொண்டு எதைச் சரிபார்ப்பது?

ராமானுஜனிடமிருந்தே இதற்கு எதிர்ப்பாடமும் கிடைக்கும். தாள் விலை அதிகம் என்று சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். உலகத்தின் மிகப் பெரிய பேஸ்ட் ஸ்பெஷல் அதுதான். அந்த நோட்டுகளில் இருந்தவற்றுக்கெல்லாம் நிரூபணம் சேர்த்து அமெரிக்கக் கணிதவியலர் புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985ல் ஆரம்பித்து 1998ல் முடிந்தன. ராமானுஜனுக்குப் பணமில்லை, தாளில்லை. இன்றைக்கு மெமரி மலிவு. கணினிக்கு என்ன முழங்கை அரிப்பு?

*

எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு. அதைக் கேட்காமல் திட்டுவது அழகில்லை.

"எதையும் சுருக்காமல் விட்டால் விடை பக்கம் பக்கமாக வளரும். க + க என்பதை 2க ஆக்கக்கூட ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டுமா? க − க என்பது 0 என்று தெரியாவிட்டால் பூஜ்யத்தால் வகுத்துத் தொலைப்போமே?" என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். க + க = 2க என்பது க எந்த எண்ணாக இருந்தாலும் சரி. தாராளமாகச் செய்யட்டும். வி / வி = 1 அப்படியில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் தகராறு.

"எல்லாவற்றையும் கணினியே பார்த்துச் சரியாகச் சுருக்கிவிடும்" என்ற கனவும் நடக்காது. சைன், அடுக்குக்குறி, மட்டு மாதிரியான ஃபங்ஷன்கள் கலந்து வரும் கோவைகளில், ஒரு கோவை பூஜ்யமா இல்லையா என்று எப்போதும் தீர்மானிக்கும் பொதுவழி கிடையாது என்று டேனியல் ரிச்சர்ட்சன் 1968லேயே நிறுவிவிட்டார். எப்படியும் ஓர் இடத்தில் கணினி "தெரியாது" என்றுதான் நிற்க வேண்டும். அப்படி நிற்பதை ஒழுங்காக நிற்கக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. எம்.ஐ.டி.யின் ஜோயல் மோசஸ் 1971ல் எழுதிய ஒரு கட்டுரையில் சுருக்கும் மென்பொருள்களை அரசியல் கட்சிகள் மாதிரி பிரித்தார். எல்லாவற்றையும் உடைத்து ஒரே அச்சில் வார்ப்பவர்கள் தீவிரவாதிகள். எதுவும் தானாகச் செய்யாமல், விதிகளை எழுதும் உரிமையைப் பயனாளரிடம் விடுபவர்கள் பழமைவாதிகள். நடுவில் தாராளவாதிகள், புதிய இடதுசாரிகள் என்று இன்னும் சில கூட்டணிகள். ஓட்டுப் பெட்டியில் எந்தச் சின்னத்தில் குத்துகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் பழமைவாதிகளாக இருப்பதுதான் நல்லது.

மென்பொருள்காரர்களுக்கும் புத்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. மேத்தமேட்டிகா 2014ல் வந்த 10ஆம் பதிப்பில் 'இன்ஆக்டிவ்' என்று ஒன்றைச் சேர்த்தது. ஒரு ஃபங்ஷனைத் தூங்க வைத்து, வேண்டும்போது எழுப்பலாம். சிம்பையின் ஆவணங்கள், புதிதாக ஃபங்ஷன் எழுதுகிறவர்களிடம் தானாக மதிப்பு காண்பதை அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. நோயாளியே பத்தியம் சொல்கிறார் :-)

*

இதில் தமிழுக்கு ஒரு குட்டி சந்தோஷமும் இருக்கிறது. மாக்சிமாவில் ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு வடிவம் உண்டு. ஒன்றை வினைச்சொல் என்றும் மற்றதைப் பெயர்ச்சொல் என்றும் அழைக்கிறார்கள். வினைச்சொல்லாக எழுதினால் உடனே செய்யும். முன்னால் ஒரு மேற்கோள் குறி போட்டால் பெயர்ச்சொல். சும்மா நிற்கும். தொகையீடு காண முடியாமல் போனாலும் பெயர்ச்சொல்லாகவே திருப்பிக் கொடுத்துவிடும். 'பெயர்ச்சொற்களை இப்போது செய்' என்று சொன்னால் எழுந்து வேலை செய்யும்.

தமிழ் வாத்தியார் எட்டாம் வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 'கூட்டு' என்றால் ஏவல். உடனே செய்ய வேண்டும். 'கூட்டல்' என்றால் தொழிற்பெயர். செயலின் பெயர் மட்டும். காலம் காட்டாது. செய்தாயிற்றா, செய்யப் போகிறோமா என்ற பேச்சே இல்லை. எம்.ஐ.டி.க்காரர்கள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை நன்னூல் படித்தவன் திண்ணையில் உட்கார்ந்தே சொல்லியிருப்பான்.

மாக்சிமாவும் முழு யோக்கியம் இல்லை. மேற்கோள் போட்டாலும் 2 + 3 என்பதை 5 ஆக்கிவிடும். மதிப்பு காண்பது வேறு, சுருக்குவது வேறு என்று அது பிரித்து வைத்திருக்கிறது. சுருக்குவதை நிறுத்தத் தனியாக ஒரு சுவிட்ச். சிம்பையில் 'எவால்யுவேட் ஃபால்ஸ்' என்று பூட்டினால், அடுத்து ஒரு மதிப்பைப் பிரதியிட்டதும் பூட்டு கழன்றுவிடலாம். மேத்தமேட்டிகாவிலோ ஹோல்ட், ஹோல்ட்ஃபார்ம், ஹோல்ட்ஆல், அன்எவால்யுவேட்டட் என்று பூட்டே ஒரு கொத்து. எந்தச் சாவி எதற்கு என்று கண்டுபிடிப்பதற்குள் திருடன் வந்துபோய்விடுவான்.

ஆக, கேட்பது மூன்றே மூன்று.

1. எழுத்தை வாங்கிய ஃபங்ஷன், விடை உறுதியாகத் தெரியாதவரை தன்னையே திருப்பித் தர வேண்டும். கத்தவும் கூடாது, ஊகிக்கவும் கூடாது. இது பயனாளர் எழுதிச் சேர்க்கும் வரியாக இல்லாமல் இயல்பாகவே இருக்க வேண்டும்.

2. தானாகச் செய்யும் சுருக்கங்கள் எல்லா மதிப்புக்கும் பொருந்துபவையாக மட்டும் இருக்க வேண்டும். விதிவிலக்கு இருந்தால், அந்த விதிவிலக்கை விடையோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

3. ஒரே பூட்டு, ஒரே சாவி. பூட்டியவர் திறக்கும்வரை திறக்கக் கூடாது.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. பிசினஸ் மேத்ஸ் தாளில் பத்துக் கேள்வியில் ஒன்பது "மதிப்பு காண்க" என்று முடிகிறது. ஒன்றாவது "மதிப்பு காணாமல் எழுதுக" என்று இருக்கட்டும். வட்டி என்ன என்று சொல்லாமல், கடன் தொகை என்ன என்று சொல்லாமல், தவணைக்கான ஃபார்முலாவை மட்டும் கேளுங்கள். எண் வந்தால்தான் கணக்கு முடிந்தது என்று பழகிய கைதான் நாளைக்கு மயிலாப்பூர் மாடியில் உட்கார்ந்து பேஸ்ட் ஸ்பெஷலை அழுத்துகிறது. கணினிக்கு அந்த அவசரத்தைக் கற்றுக்கொடுத்ததும் அதே மாதிரி கைகள்தான்.

தி.நகரில் நகைக்கடைக்குப் போனால், வளையலை எடை போட்டு, சேதாரம், செய்கூலி எல்லாம் எழுதி ஒரு எஸ்டிமேட் சீட்டு தருவார்கள். அதை வைத்துக்கொண்டு அம்மாக்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். செய்கூலியில் கொஞ்சம் குறையும். பழைய தங்கம் கொஞ்சம் கழியும். எல்லாம் முடிந்து "சரி, பில் போடுங்க" என்ற பிறகுதான் பில் மெஷின் பேசும். வளையலைக் கையில் எடுத்ததுமே பில் அடித்து நீட்டும் கடையில் யாராவது ஏறுவார்களா?

பி.கு: மேலே சொன்ன பையன் இப்போது ஃபார்முலா உள்ள ஃபைலை வேறு பெயரில் தனியாக சேவ் பண்ணுகிறான். மென்பொருள்காரர்கள் எப்போது என்று தெரியவில்லை.